டேக் (குரல் பதிவு) எடுக்கும்போது மட்டும் ஹெட்ஃபோனில் படபட வெடிப்பு: ரைசன் 2600 பிசியை மாற்றணுமா, தேற்றலாமா?

#1 கீபோர்டு_திண்டுக்கல்

வணக்கம். வீட்டு ஸ்டுடியோ பிசி பற்றி ஆலோசனை வேண்டும்.

ப்ராசஸர் ரைசன் 5 2600, அதோடு வந்த கூலர். பி450 போர்டு, பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) 2019-இல் வந்தது. ரேம் டிடிஆர்4 3200, 8+8 ஜிபி. கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. விண்டோஸ் 10 இருப்பது 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில். கான்டாக்ட் (சாம்பிள் வைத்து வாசிக்கும் மென்பொருள்) லைப்ரரி எல்லாம் 2 டிபி ஹார்டு டிஸ்க்கில். எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 450 வாட். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் செருகும் பெட்டி), ரெக்கார்டிங் மென்பொருள் ரீப்பர், 48 கிலோஹெர்ட்ஸ், பஃபர் (ஒரு தடவையில் கணக்கிடும் சாம்பிள்) 128.

40 ட்ராக் ப்ராஜெக்ட் சும்மா பிளே ஆகும்போது சுத்தமாக ஓடுகிறது. ஒரு ட்ராக்கை ஆர்ம் செய்து (ரெக்கார்டுக்குத் தயாராக்கி) பாடினால் ஹெட்ஃபோனில் படபடவென்று வெடிக்கிறது. பஃபரை 512 ஆக்கினால் வெடிப்பு நின்றுவிடுகிறது, ஆனால் பாடுகிறவருக்குத் தன் குரலே பின்தங்கிக் கேட்கிறது. டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. ஃபேன் சத்தமும் கண்டென்சர் மைக்கில் விழுகிறது. முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இதையே தேற்ற முடியுமா?

#2 ஒலித்தடம்

தேற்றலாம். எதையும் வாங்குவதற்கு முன் காரணத்தைப் பிடியுங்கள்.

டாஸ்க் மேனேஜர் காட்டுவது 12 த்ரெட்டுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. ஆடியோவுக்கு அந்த எண்ணால் பயனில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 128 ÷ 48 = 2.67 மில்லிசெகண்ட். ஒவ்வொரு 2.67 மில்லிசெகண்டுக்குள்ளும் அடுத்த பஃபர் தயாராக வேண்டும். ஒரே ஒரு முறை தவறினாலும் காதில் 'டப்' என்று விழும். மீதி நேரமெல்லாம் ப்ராசஸர் சும்மா இருந்திருந்தாலும் அந்த 'டப்' டப்தான்.

ஆர்ம் செய்தால் மட்டும் ஏன் வெடிக்கிறது? பிளேபேக்கில் இருக்கும் ட்ராக்குகளை ரீப்பர் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். அதன் பெயர் ஆன்டிசிபேட்டிவ் எஃப்எக்ஸ். கியூபேஸ் என்ற இன்னொரு ரெக்கார்டிங் மென்பொருளில் ஆசியோ-கார்டு என்று இருப்பதும் இதே வேலைதான். இன்னும் பாடாத குரலை யாரும் முன்கூட்டியே கணக்கிட முடியாது. அதனால் ஆர்ம் ஆன ட்ராக்கும், அது போய்ச் சேரும் பஸ்ஸும் (பல ட்ராக் ஒன்றுசேரும் வழி), மாஸ்டரில் (கடைசி மொத்த வெளியீட்டில்) உள்ள ப்ளக்இன்களும் (எஃபெக்ட் மென்பொருள்கள்) அந்த 2.67 மில்லிசெகண்டுக்குள் நேரடியாக ஓடியாக வேண்டும். ஒரு ட்ராக்கின் ப்ளக்இன் வரிசை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும், எத்தனை கோர் இருந்தாலும் பிரித்துக் கொடுக்க வழியில்லை.

இன்றே மூன்று சோதனை செய்யுங்கள்:

1. மாஸ்டரில் உள்ள லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ, ஓவர்சாம்பிளிங் (பல மடங்கு சாம்பிள் வேகத்தில் கணக்கிடுவது) வைத்த ப்ளக்இன் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு ஒரு டேக் எடுங்கள். பைபாஸ் போதாது, ரீப்பரில் ஆஃப்லைன் ஆக்குங்கள். முன்பார்வை வைக்கும் லிமிட்டர் தன் பங்குக்குத் தனியாகத் தாமதம் சேர்க்கும்.
2. எந்த டிரைவர் ப்ராசஸரை மறிக்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை 10 நிமிடம் ஓடவிடுங்கள். வைஃபை ஆனில் ஒரு முறை, ஆஃபில் ஒரு முறை. டிரைவர் பட்டியலில் அதிக மைக்ரோசெகண்ட் எடுத்த பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. ஹெச்டபிள்யூஇன்ஃபோ (வெப்பம் காட்டும் மென்பொருள்) திறந்து வைத்து, சினிபெஞ்ச் (ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் மென்பொருள்) 10 நிமிடம் ஓட்டி, ப்ராசஸர் வெப்பத்தின் உச்சத்தைப் பாருங்கள்.

#3 நட்டும்_போல்டும்

மூன்றாவது சோதனைக்கு முன் ஒன்று. கேபினட்டைத் திறந்து எவ்வளவு நாளாயிற்று? அந்தக் கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தூசு கம்பளி மாதிரி அடைந்து கிடக்கும். ஃபேனுக்கு அடியில் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் உள்ளே இறங்காது. மைக்கில் விழும் சத்தத்தில் பாதி இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

செய்முறை: ஷட்டவுன். எஸ்எம்பிஎஸ் பின்பக்க சுவிட்ச் ஆஃப். ப்ளக்கை உருவிவிட்டு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள், கெப்பாசிட்டரில் தங்கியது போய்விடும். கேபினட்டை பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிப் போங்கள், அறைக்குள்ளேயே ஊதினால் தூசு மைக் கேப்சூலில் போய் உட்காரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் ஊதினால் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் தேயும், பிறகு வாழ்நாள் முழுக்கக் கரகரக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதினால் போதும், கழற்றித் திறக்கவே கூடாது.

வேக்கம் கிளீனரை போர்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அதன் பிளாஸ்டிக் மூக்கில் ஸ்டாட்டிக் சேரும்.

பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஆனால் கூலரை இப்போது கழற்ற வேண்டாம். ப்ராசஸர் மாற்றப் போகிறோமா என்று முடிவானதும் ஒரே முறையாகக் கழற்றலாம். ஏன் என்று அப்போது சொல்கிறேன்.

#4 கீபோர்டு_திண்டுக்கல்

செய்து பார்த்தேன். தூசு எடுப்பதற்கு முன் 91 டிகிரி, எடுத்த பின் 78. சத்தம் நன்றாகவே குறைந்திருக்கிறது.

லேட்டன்சிமான்: வைஃபை ஆனில் என்டிஐஎஸ் (ndis) என்ற நெட்வொர்க் டிரைவர், உச்சம் 1,840 மைக்ரோசெகண்ட். வைஃபை ஆஃபில் மொத்தப் பட்டியலிலும் உச்சம் 260. மாஸ்டர் ப்ளக்இன்களை ஆஃப்லைன் செய்ததும் வெடிப்பு குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

#5 ஒலித்தடம்

ஆள் அகப்பட்டுவிட்டார். கணக்கைப் பாருங்கள்: ஒரு பஃபருக்கு 2,667 மைக்ரோசெகண்ட். அதில் 1,840-ஐ நெட்வொர்க் டிரைவர் ஒரே மூச்சில் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அந்தக் கோரில் வேறு எதுவும் நுழைய முடியாது. மிச்சம் 827. அதற்குள் குரல், ரிவெர்ப், மாஸ்டர் எல்லாம் முடியுமா? 512 பஃபரில் 10,667 மைக்ரோசெகண்ட் இருப்பதால் அதே டிரைவர் அங்கே தெரியாமல் ஒளிந்துகொண்டது. இந்த நிலையில் புது ப்ராசஸர் போட்டிருந்தாலும் வெடிப்பு தொடர்ந்திருக்கும்.

வைஃபை கார்டுக்கு வேறு டிரைவர் பதிப்பு போட்டுப் பார்க்கலாம். நான் சொல்வது, ரூட்டரிலிருந்து ஒரு கேட்6 கேபிள் இழுத்துவிட்டு வைஃபையை டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்யுங்கள். கேபிள் இழுக்க வழியில்லை என்றால் டேக் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் டிஸேபிள்.

கூடவே:

பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள், ப்ராசஸர் மினிமம் ஸ்டேட் 100 சதவீதம். கோர் தூங்கி எழுவதற்கு எடுக்கும் நேரம்கூடச் சின்ன பஃபரில் இடிக்கும். மின்சாரச் செலவு கொஞ்சம் கூடும், ரெக்கார்டிங் முடிந்ததும் பேலன்ஸ்டுக்குத் திரும்பிவிடலாம்.

யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் டிஸேபிள். இன்டர்ஃபேஸ் கேபிள் கேபினட் முன்பக்க போர்ட்டில் இருந்தால் பின்பக்கம், போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள். முன்பக்க போர்ட் உள்ளே மெல்லிய ஒயர் வழியாக வருகிறது. ஹப் வேண்டாம்.

விண்டோஸ் டிஃபெண்டரில் லைப்ரரி ஃபோல்டரையும் ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் எக்ஸ்க்ளூஷனில் சேர்க்கலாம். டவுன்லோட் ஃபோல்டரை மட்டும் சேர்க்கக் கூடாது.

#6 ட்ராக்_எண்ணி

ஹார்டு டிஸ்க்கை யாரும் தொடவில்லையே. அடுத்த முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது.

ரெக்கார்டிங்குக்கு ஹார்டு டிஸ்க் தாராளமாகப் போதும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ட்ராக் விநாடிக்கு 144 கிலோபைட். 16 ட்ராக் ஒரே நேரத்தில் எடுத்தாலும் 2.3 எம்பி. ஆனால் கான்டாக்ட் பியானோவில் பெடலை மிதித்து ஒரு கார்டு பிடித்தால் சில பத்து வாய்ஸ் ஒரே நேரத்தில் எழும். ஒவ்வொன்றும் டிஸ்க்கில் வேறு வேறு இடத்தில் கிடக்கிறது. 7200 ஆர்பிஎம் டிஸ்க்கின் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய் எடுக்கச் சுமார் 12 மில்லிசெகண்ட், அதாவது விநாடிக்கு 80 தாவல்தான். அதனால்தான் நோட் பாதியில் அறுபடும். இது படபடப்பு மாதிரி கேட்காது. நோட்டின் தொடக்கம் சரியாக வந்து, வால் மட்டும் காணாமல் போகும். இந்த வித்தியாசத்தைக் காது பழகிக்கொண்டால் எது டிஸ்க் குறை, எது டிரைவர் குறை என்று கேட்டே சொல்லிவிடலாம்.

1 டிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி) ஒன்று வாங்கி லைப்ரரியை அதில் வையுங்கள். பி450-இன் முதல் எம்.2 ஸ்லாட் பிசிஐஇ 3.0, நாலு லேன். ஜென்4 டிரைவ் போட்டாலும் ஜென்3 வேகத்தில்தான் ஓடும், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. சில போர்டுகளில் எம்.2-இல் டிரைவ் போட்டதும் இரண்டு சாட்டா போர்ட் செயலிழக்கும். போட்ட பிறகு பழைய டிஸ்க் காணவில்லை என்று பதறாமல் மேனுவலைப் பார்த்து, சாட்டா கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

எம்.2 ஸ்க்ரூவும் அதன் அடியில் வரும் ஸ்டாண்டாஃபும் போர்டு பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலத்தில் இருக்கும். டிரைவை 30 டிகிரி சாய்வில் செருகி, அழுத்திப் படுக்க வைத்து ஸ்க்ரூ. ஸ்டாண்டாஃப் இல்லாமல் இறுக்கினால் டிரைவ் வளையும்.

லைப்ரரியை காப்பி செய்து முடித்ததும் டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்தை மாற்றுங்கள். ஹார்டு டிஸ்க் 'டி' டிரைவாக இருந்தால் அதற்கு வேறு எழுத்து கொடுத்து, என்விஎம்இக்கு 'டி' கொடுங்கள். ஃபோல்டர் பெயர்கள் அப்படியே இருந்தால் பழைய ப்ராஜெக்ட் எதிலும் 'சாம்பிள் மிஸ்ஸிங்' வராது. பிறகு கான்டாக்ட் ஆப்ஷன்ஸில் மெமரி பகுதிக்குப் போய் ப்ரீலோட் அளவைக் (ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தையும் ரேமில் ஏற்றி வைக்கும் அளவு) குறையுங்கள். பொதுவாக 60 கிலோபைட் இருக்கும். என்விஎம்இயில் 12 முதல் 18 வரை இறக்கலாம். ரேம் கணிசமாக மிச்சமாகும், ப்ராஜெக்ட் திறக்கும் நேரமும் குறையும். நோட் அறுபட்டால் ஒரு படி ஏற்றுங்கள்.

#7 நட்டும்_போல்டும்

#6-ஐ முழுக்க ஆமோதிக்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: லைப்ரரி டிரைவில் எழுதுவது ஒரு முறை, படிப்பது ஆயிரம் முறை. அதனால் க்யூஎல்சி (செல்லுக்கு 4 பிட் வைக்கும் சிப்) வகைகூடப் பரவாயில்லை. ஆனால் அதே டிரைவில் ரெக்கார்டிங்கும் செய்வதாக இருந்தால் டிஎல்சி (செல்லுக்கு 3 பிட்) வாங்குங்கள். க்யூஎல்சியில் கேஷ் நிரம்பிய பிறகு எழுதும் வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு விழும்.

ரேமுக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் மெமரி ஸ்பீடு எவ்வளவு காட்டுகிறது? குச்சி எந்த ஸ்லாட்டில்?

#8 கீபோர்டு_திண்டுக்கல்

2400 காட்டுகிறது. ப்ராசஸர் பக்கத்திலிருந்து முதல் ஸ்லாட்டிலும் இரண்டாவதிலும் இருக்கின்றன.

#9 நட்டும்_போல்டும்

இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது. நாலு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சி என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருப்பார்கள். ஒன்றிலும் இரண்டிலும் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் நெருக்கியடித்துக்கொண்டு, அடுத்த சேனல் காலியாகக் கிடக்கும். இரண்டாவது, எக்ஸ்எம்பி ஆன் ஆகவில்லை. 3200 என்று வாங்கினாலும் பயாஸில் எக்ஸ்எம்பி போடாதவரை குறைந்த வேகத்தில்தான் ஓடும். 2600-க்கு ஏஎம்டி சொல்லும் அளவு 2933. 3200-இல் நிலையாக நிற்கவில்லை என்றால் 2933-இல் வையுங்கள்.

சாம்பிள் வேலைக்கு 32 ஜிபி நல்லது. இருக்கிற 8+8-ஓடு இன்னொரு ஜோடி சேர்ப்பதைவிட 16+16 ஒரே பேக்காக வாங்குங்கள். வேறு வேறு சிப் உள்ள நாலு குச்சியை 3200-இல் ஓட்ட மெமரி கன்ட்ரோலர் திணறும். உடனே பூட் ஆகிவிடும், மூன்று மணி நேரம் கழித்து மிக்ஸ் நடுவில் தொங்கும். போட்டதும் மெம்டெஸ்ட்86 நாலு பாஸ் ஓடட்டும், இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பு வேண்டாம், வேகத்தை இறக்கி மறுபடி ஓட்டுங்கள்.

#10 ட்ராக்_எண்ணி

ப்ராசஸர் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போய்விடலாமே? இப்போதுள்ள ஏஎம்4-இல் பணம் போடுவது முட்டுச்சந்து.

#11 ஒலித்தடம்

ஏஎம்5 என்றால் போர்டு, ப்ராசஸர், டிடிஆர்5 ரேம் மூன்றும் சேர்த்து வாங்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தக் கணக்கு இன்னும் கனமாகிவிட்டது. போர்டு மாறினால் பல ப்ளக்இன்களின் லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்யும் வேலையும் உண்டு. இவருக்கு வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். அது ரைசன் 7 5700எக்ஸில் கிடைக்கும்: 8 கோர், பூஸ்ட் 4.6 கிகாஹெர்ட்ஸ். 2600-இன் பூஸ்ட் 3.9, கோரின் வடிவமைப்பே இரண்டு தலைமுறை பழையது. டிடிபி (ப்ராசஸரின் வெப்ப அளவு) அதே 65 வாட், முழு லோடில் 76 வாட் இழுக்கும். 1050 டிஐ 75 வாட். போர்டு, டிரைவ் எல்லாம் சேர்த்தும் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் பாதிதான் ஆகும்.

5800எக்ஸ் வேண்டாம். அது 105 வாட் ரகம், அந்தச் சூட்டைத் தணிக்கும் ஃபேன் சத்தம் மைக்குக்குத்தான் போய்ச் சேரும்.

#12 நட்டும்_போல்டும்

5700எக்ஸ் என்றால் வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் ஸ்கிரீன் வராது.

முதலில் பயாஸ். 2019 பயாஸுக்கு 5000 வரிசை ப்ராசஸர் என்றால் என்னவென்றே தெரியாது. பழைய 2600 இருக்கும்போதே அப்டேட் செய்ய வேண்டும். போர்டு கம்பெனி தளத்தில் உங்கள் மாடல், ரிவிஷன் எண் வரைக்கும் ஒத்துப்பார்த்து சிபியு சப்போர்ட் லிஸ்டில் 5700எக்ஸ் எந்தப் பயாஸிலிருந்து என்று பாருங்கள். சில போர்டுகளில் நடுவில் ஒரு பழைய பதிப்பைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குத் தாவ முடியும், பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். ஃபேட்32 பென்டிரைவ், பயாஸுக்குள்ளிருந்தே ஃப்ளாஷ். யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்தது மாதிரிதான்.

ஏஜெசா (பயாஸுக்குள் ஏஎம்டி தரும் பகுதி) 1.2.0.7 அல்லது அதற்குப் பிந்தையது உள்ள பயாஸாகப் பாருங்கள். எஃப்டிபிஎம் (ப்ராசஸரோடு வரும் பாதுகாப்புச் சாவி வசதி) ஆனில் இருந்தால் சில ரைசன் பிசிகளில் அவ்வப்போது ஒரு நொடி திக்கும், ஆடியோவும் சேர்ந்து திக்கும் என்று ஏஎம்டியே 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. தீர்வு அந்த ஏஜெசாவில் வந்தது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. 11-க்குப் போக எஃப்டிபிஎம் ஆன் ஆகியே தீர வேண்டும். பழைய பயாஸில் ஆன் செய்துவிட்டு 'விண்டோஸ் 11-ஆல் திக்குகிறது' என்று பலர் தேடுவது இதைத்தான்.

பயாஸைத் தொடுவதற்கு முன்பே பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிவைத்து, சஸ்பெண்ட் செய்யுங்கள். பயாஸோ ப்ராசஸரோ மாறினால் எஃப்டிபிஎம் சாவி மாறும். புது ப்ராசஸர் போட்டதும் எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா என்று கேட்கும்: ஆம் என்றால் ஒய் (Y), இல்லை என்றால் என் (N). கீ கையில் இல்லாமல் ஒய் அடித்தால் டிரைவ் பூட்டியது பூட்டியதுதான்.

இப்போது கூலர். 10 நிமிடம் லோடு கொடுத்து பேஸ்டைச் சூடாக்கிவிட்டு ஷட்டவுன் செய்யுங்கள். கேபினட்டைப் படுக்க வைத்து, நாலு ஸ்க்ரூவையும் குறுக்குக்குறுக்காகத் தளர்த்துங்கள். அந்தக் கூலரின் ஸ்க்ரூ போர்டின் பின்தகட்டில் இறங்குகிறது; நிமிர்த்தி வைத்துக் கழற்றினால் தகடு பின்னால் விழுந்துவிடும். பிறகு கூலரை இடமும் வலமுமாகத் திருகி, பிடி விட்டதும் தூக்குங்கள். காய்ந்த பேஸ்டோடு நேராக இழுத்தால், லாக் போட்டிருந்தும் ப்ராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஏஎம்4-இல் பின்கள் ப்ராசஸரின் அடியில், 1331 பின். ஒன்று வளைந்தாலும் வேலை கூடும். முன்பு கழற்ற வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் கொண்டு துடையுங்கள். தங்க முக்கோணத்தைப் பார்த்து வையுங்கள், தானாக இறங்கும், அழுத்தக் கூடாது. பேஸ்ட் பட்டாணி அளவு. 5700எக்ஸுடன் கூலர் வராது. 120 மிமீ ஃபேன் உள்ள டவர் கூலர் வாங்கும் முன் அதன் உயரம் கேபினட்டுக்குள் அடங்குமா என்று அளந்துவிடுங்கள்.

#13 இரைச்சல்_எதிரி

மைக் பக்கத்தை யாராவது பேச வேண்டும்.

ஃபேன் கர்வ் (வெப்பத்துக்கு ஏற்ற ஃபேன் வேக அமைப்பு): 60 டிகிரி வரை 35 சதவீதத்தில் நேர்கோடாக வையுங்கள், அதற்கு மேல் ஏறட்டும். ஸ்மூதிங் அல்லது ஸ்டெப்-அப் நேரம் என்று பயாஸில் இருக்கும், அதை 5 விநாடிக்கு மேல் வையுங்கள். சீராக ஓடும் சத்தத்தை மிக்ஸில் சமாளிக்கலாம். 'உஷ்ஷ்' என்று ஏறி இறங்கும் சத்தம் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கேட்கும். மூன்று பின் ஃபேன் என்றால் அந்த ஹெடரை டிசி மோடுக்கு மாற்றினால்தான் வேகம் குறையும்.

கார்டியாய்டு மைக்கின் முதுகுப் பக்கம் காது மந்தம். கேபினட்டை மைக்குக்கு நேர் பின்னால் வருகிற மாதிரி வையுங்கள். மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள், அரை மணியில் உள்ளே இருக்கும் சூட்டுக் காற்றையே ஃபேன் திரும்பத் திரும்ப இழுத்து இரட்டிப்புச் சத்தம் போடும்.

இன்னொன்று, கேபினட்டின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? இழுத்தால் உங்கள் ப்ளக் பாயின்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸுக்கும் பாடிக்கும், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில் சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் பாடி பாதி வோல்டேஜில் மிதக்கும். ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும், மௌஸை நகர்த்தினால் கீச்சென்ற சத்தமும் அந்த வழியாகத்தான் வரும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸ்–நியூட்ரல் 230, ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் சில வோல்ட்டுக்குள். ரீங்காரம் போகிறது என்று மூன்றாவது பின்னை ஒடிப்பவர்கள் உண்டு. உயிர் போகும் வேலை, ஒருபோதும் வேண்டாம். பிசி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டு, ஸ்பீக்கருக்கு பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போடுங்கள்.

#14 கீபோர்டு_திண்டுக்கல்

எல்லோருக்கும் நன்றி. இதுவரை செய்தது: லேன் கேபிள், ரேம் ஏ2, பி2-க்கு மாற்றம், 2933, பவர் பிளான், பயாஸ் அப்டேட், 1 டிபி என்விஎம்இ. பஃபர் 128-இல் வெடிப்பு இல்லை. மாஸ்டரில் லிமிட்டரைத் திரும்பப் போட்டு 64-இல் வைத்தால் மட்டும் லேசாக வருகிறது. 5700எக்ஸை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம் என்று தோன்றுகிறது. ஸ்க்ரூவைத் தொட்டால் சுருக்கென்றுதான் இருக்கிறது, எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியாயிற்று.

கடைசியாக ஒன்று: காலியான 2 டிபி ஹார்டு டிஸ்க்கை பேக்கப்புக்கு நம்பலாமா?

#15 ட்ராக்_எண்ணி

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் கெட்ட இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் ரா மதிப்பைப் பாருங்கள். மூன்றும் சுழி என்றால் கேபினட்டிலிருந்து கழற்றி யூஎஸ்பி பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே சுற்றும் சத்தமும் ஒழியும். சி5-இல் சுழி தவிர எது இருந்தாலும் அதில் புதிதாக எதையும் வைக்காதீர்கள். நல்ல நிலையில் இருந்தாலும் அது இரண்டாவது பிரதிக்குத்தான். முடிந்த ப்ராஜெக்டுகளின் மூன்றாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

#16 ஒலித்தடம்

64-இல் வெடிப்பது லிமிட்டரின் ஓவர்சாம்பிளிங்கால் இருக்கும். டேக் எடுக்கும்போது 1எக்ஸ், மிக்ஸில் 4எக்ஸ் என்று இரண்டு ப்ரீசெட் வைத்துக்கொள்ளுங்கள்.